எதிர்முகாமுக்கு வக்காலத்து: கைது இரவிலிருந்து கைப்பேசி திரும்பும் வரை

1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வார இதழ்களின் வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. ஒன்று பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்'. கம்யூனிஸ்ட் சார்பு இதழ். சென்னை மாநிலத்துக்குள் அது வரவே கூடாது என்று மாநில அரசு தடை போட்டிருந்தது. மற்றது டெல்லியிலிருந்து வந்த 'ஆர்கனைசர்'. ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழ், வகுப்புப் பிரச்சினை, பாகிஸ்தான் பற்றி எதை எழுதினாலும் அச்சேற்றும் முன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. இரண்டு உத்தரவுகளும் ஒரே நாளில் ரத்தாயின. இரண்டிலும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. 'ஆர்கனைசர்' தீர்ப்பு சின்னது. காரணங்களை 'கிராஸ் ரோட்ஸ்' தீர்ப்பிலேயே சொல்லி முடித்திருந்தார்.

அரசு சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே முதல் சட்டத்திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை, பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் அரசியல் சட்டப் பிரிவு 19(2)இல் சேர்த்தது. 1963இல் 16ஆம் திருத்தம் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பதைச் சேர்த்தது. அப்போது குறி திராவிட நாடு கேட்டவர்கள் மீது. இன்று அந்தச் சொற்கள் எல்லாத் தரப்பு ஆட்களின் குற்றப்பத்திரிகைகளிலும் இருக்கின்றன. எதிர்க்கருத்துக்காரருக்காக வக்காலத்துப் போடலாமா என்று தயங்குகிறவர்கள் கொள்கை விளக்கம் படிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு தீர்ப்புகளையும் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் போதும். நமக்கு முன்னால் இருப்பது அரசின் உத்தரவு. சரிபார்க்க வேண்டியது அதைத்தான். இனி வருவது எல்லாம் அந்த வேலையைச் செய்யும் முறை.

எடுக்கலாமா கூடாதா என்பது முதல் கேள்வி. சுற்றுக்கு விடப்பட்ட வீடியோத் துண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆதரவாளர் வெட்டியதும் எதிரி வெட்டியதும் ஒரே அளவுக்கு ஏமாற்றும். முழுப் பேச்சையும் கேளுங்கள், முழுப் பதிவையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த பதிவுகளோடு படியுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லி மிரட்டுவது, வீட்டு முகவரியைப் போட்டுக் 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்பது, இந்த இடத்தில் இத்தனை மணிக்குக் கூடி அடியுங்கள் என்பது ஆகியவை கருத்துரிமை வழக்குகள் அல்ல. அவருக்கும் வழக்கறிஞர் வேண்டும்தான், ஆனால் அது சாதாரணக் குற்றவியல் வழக்கு. அதில் பேச்சுரிமை தரும் 19(1)(அ)வைக் கொண்டுவந்தால் அடுத்த நல்ல வழக்கும் கெடும். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதும் அப்படியே. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3ஆம் பிரிவில் தனி இடம் இருக்கிறது. 18ஆம் பிரிவு முன்ஜாமீனையும் அடைத்துவிடும்.

ஆனால் இட ஒதுக்கீடே கூடாது என்று ஒருவர் மேடையில் பேசுவது அந்த ரகம் அல்ல, நமக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. தணிக்கைக் குழு 'யு' சான்றிதழ் கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மாநில அரசு கலவரம் வரும் என்றது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. பேச்சுக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல நெருக்கமாக இருக்க வேண்டும், எதிர்ப்பாளர்களை அடக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்பவை அந்தத் தீர்ப்பின் இரண்டு தூண்கள். கும்பலின் மிரட்டலைக் காரணம் காட்டும் எந்த உத்தரவுக்கு எதிராகவும், இட ஒதுக்கீட்டை உயிராக நினைக்கும் வழக்கறிஞர்கள் உட்பட எல்லோரும் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான்.

இனி கைது. 2015 அக்டோபர் 30 அதிகாலையில் மக்கள் பாடகர் கோவன் திருச்சியில் கைதாகிச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். டாஸ்மாக்கை எதிர்த்த பாடலுக்காகத் தேசத்துரோகப் பிரிவு. 2023 ஜூன் 16 இரவு பா.ஜ.க.வின் எஸ்.ஜி. சூர்யா சென்னையில் கைதாகி மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். காரணம் மதுரை எம்.பி.யைப் பற்றிய ட்விட்டர் பதிவு. ஆட்சியில் இருந்த கட்சியும் வேறு, கைதானவரின் அரசியலும் வேறு, ஆனால் கைது நடந்த முறை ஒன்றே. இரண்டு நாள்களும் வெள்ளிக்கிழமை என்பதையும் கவனியுங்கள். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு கைது நடந்த ஊருக்கு அல்ல, வழக்குப் பதிந்த காவல் நிலையம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். ரிமாண்ட் (நீதிபதி முன் நிறுத்திக் காவலுக்கு அனுப்புவது) அங்கேதான் நடக்கும், சனி ஞாயிறென்றால் நீதிபதியின் வீட்டில் நடக்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றாலும் சென்னையா மதுரைக் கிளையா என்பதை அந்த நிலையத்தின் மாவட்டமே முடிவு செய்யும். எந்த ஊரிலும் உடனே கிளம்பக்கூடிய ஒரு வழக்கறிஞரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வந்ததும் பிரிவுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். நான்கைந்து பிரிவுகளை அடுக்கினால் வழக்குப் பெரிதாகத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (பழைய 153ஏ) நிற்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு சமூகங்கள் வேண்டும், அவற்றுக்கிடையே பகை மூட்டும் நோக்கமும் வேண்டும். 1997இல் பிலால் அகமது காலூ வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஆளும் கட்சி ஒரு சமூகம் அல்ல, அமைச்சரும் அல்ல. 299 (பழைய 295ஏ) என்றால் வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தியிருக்க வேண்டும். கவனக்குறைவான கிண்டல் போதாது. 353 (பழைய 505) பிரிவில் நோக்கம் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள், பல எஃப்.ஐ.ஆர்.களில் அந்த வரியே இருக்காது. வெறும் கோஷம் என்றால் 1995இன் பல்வந்த் சிங் தீர்ப்பு. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகரில் காலிஸ்தான் கோஷம் எழுப்பியவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சில முறை கோஷம் போட்டார்கள், யாரும் எழுந்து வரவில்லை, அதனால் குற்றமில்லை. 152 மட்டும் தனி. தேசத்துரோகப் பிரிவின் இடத்தில் வந்த அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அது இருந்தால் மற்ற வாதங்களை ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் உடைக்க வேண்டும்.

இப்போது நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல பிடி கிடைத்திருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3)இன்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை நடத்திவிட்டு வழக்குப் பதியலாம். சட்டத்தில் 'லாம்'தான். ஆனால் 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கரி வழக்கில், பேச்சு, எழுத்து சார்ந்த இத்தகைய புகார்களில் இந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதைக் கேட்டாலும் ஆபத்தாகப் பார்க்கும் நடுங்கும் மனத்தை வைத்து அல்ல, உறுதியான மனமுள்ளவரை வைத்தே பேச்சின் விளைவை அளக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. புகார் மாலையில் வந்து இரவே வழக்குப் பதிவாகியிருந்தால், ஜாமீன் மனுவின் முதல் பத்தி அதுவாக இருக்கட்டும்.

ரிமாண்டில் பலர் வெறும் வாயால் எதிர்ப்புச் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். இரண்டு பக்க எழுத்துமூல ஆட்சேபம் கொடுங்கள். கைதுக்குப் பதிலாக நேரில் வரச் சொல்லும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3) அறிவிப்பு கொடுக்கப்பட்டதா (பழைய 41ஏ, ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு), கைதுக்கான காரணங்கள் எழுத்தில் தரப்பட்டனவா, மூன்றாவதாகப் பேச்சின் முழு எழுத்து வடிவம். கடைசியதுதான் வேலை செய்யும். நீதிபதி அதுவரை பார்த்திருப்பது ரிமாண்ட் அறிக்கையில் நடுவே புள்ளி வைத்து ஒட்டிய ஒரு வாக்கியத்தை மட்டுமே. நிமிடம், நொடி குறித்த எழுத்து வடிவத்தை மூன்று பிரதி எடுத்துச் செல்லுங்கள். ரிமாண்டை மறுக்க முடியும் என்பதற்கு 2018 அக்டோபர் 9 சான்று: ஆளுநரைத் தாக்குவதற்கான, பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் 'நக்கீரன்' கோபாலைக் கொண்டுவந்தபோது சென்னை எழும்பூர் நீதிமன்றம் சிறைக்கு அனுப்ப மறுத்தது. மூத்த பத்திரிகையாளர் என். ராம் அங்கே எழுந்து பேசினார். எழுத்துக்கு 124 எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பிடம் பதில் இல்லை.

வீட்டார் முதலில் செய்வது பதிவை அழிப்பது. தடுங்கள். போலீசிடம் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே இருக்கும். அழித்தால் போவது உங்களுக்கு உதவக்கூடிய முன்பின் பதிவுகள்தான், சாட்சியத்தை மறைத்தார் என்ற புதுக் குற்றச்சாட்டும் கூட வரும். முழுப் பக்கத்தையும் இணைப்பு முகவரி, தேதி, நேரத்தோடு சேமித்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) சான்றிதழோடு வையுங்கள். பழைய 65பி சான்றிதழைப் போல ஒரே தாள் அல்ல இது. இரண்டு பகுதிகள் உண்டு, கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) அதில் எழுத வேண்டும். கோப்பை இன்னொரு முறை எடிட் செய்து சேமித்தால் ஹேஷ் மாறிவிடும். அசலைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

மனு எழுதும்போது இரண்டு சறுக்கல்கள் அடிக்கடி நடக்கும். ஒன்று, கட்சிக்காரரின், அதாவது நாம் யாருக்காக வாதாடுகிறோமோ அவரின், பேச்சுக்கு மெருகேற்றுவது. 'அவர் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னார்' என்று எழுதினால், சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருள் இருந்தால் குற்றம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவது, நம் கைகளைக் கழுவிக்கொள்வதற்காக அந்தக் கருத்தைக் கண்டித்து ஒரு பத்தி. அரசு வழக்கறிஞர் அதை எடுத்து வாசிப்பார்: 'மனுதாரரின் வழக்கறிஞரே இதை அருவருப்பு என்கிறார்.' கண்டிக்க வேண்டுமென்றால் பத்திரிகையில் கண்டியுங்கள், ஜாமீன் வந்த பிறகு, வேறொருவர் பெயரில். மனுவில் பேச்சை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுவிட்டு நேராக 196க்குப் போய்விடுங்கள்.

மன்னிப்புக் கடிதமும், இனி எழுதமாட்டேன் என்ற உறுதிமொழியும் ஜாமீனுக்கு விலையாகக் கேட்கப்படும். கட்சிக்காரர் உள்ளே இருக்கும்போது அதை மறுப்பது சுலபமில்லை, முடிவு அவருடையது. ஆனால் மறுப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2022 ஜூலை 20 அன்று செய்திச் சரிபார்ப்பாளர் முகமது ஜுபைருக்கு ஜாமீன் கொடுத்தபோது, அவர் ட்வீட் செய்யக் கூடாது என்று நிபந்தனை போட வேண்டும் என உத்தரப் பிரதேச அரசு கேட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் மீதிருந்த உ.பி. வழக்குகளை டெல்லிக்கு மாற்றியது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, பா.ஜ.க. செய்தித் தொடர்பாளராக இருந்த நூபுர் சர்மா மீது நபிகள் பற்றிய பேச்சுக்காகப் பல மாநிலங்களில் பதிவான வழக்குகளையும் அதே நீதிமன்றம் டெல்லிக்கு மாற்றியது. நூபுரின் பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே ஜுபைர்தான். ஒரே தகராறின் இரண்டு முனைகளில் இருந்தவர்களுக்கு ஒரே நிவாரணம். ஒரே பேச்சுக்குப் பல ஊர்களில் எஃப்.ஐ.ஆர். என்றால் இரண்டு உத்தரவுகளையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எதிரே இருப்பவர் எந்தக் கட்சி என்றாலும் ஒன்றாவது அவர் வாயை அடைக்கும்.

பல ஊர்ப் புகார் நமக்குப் புதிதல்ல. 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிக் கொடுத்த பேட்டிக்காகப் போடப்பட்ட 23 குற்றப் புகார்களை 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர் எவரும் அந்தப் பேட்டியால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்ல என்பது முக்கியக் காரணம். அவதூறு என்றால் புகார்தாரர் யார், அவரை எந்த வரி குறிப்பிடுகிறது என்று கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

அனுமதி மறுக்கப்பட்ட ஊர்வலம், பொதுக்கூட்டம் இன்னொரு வகை. இதில் நம் ஆள்களுக்கு எரிச்சல் அதிகம், பாடமும் அதிகம். 2022 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு முழுவதும் அணிவகுப்பு நடத்த ஆர்.எஸ்.எஸ். கேட்டது. செப்டம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் அனுமதித்தது. பி.எஃப்.ஐ. (பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியா) அமைப்பு தடை செய்யப்பட்டதும் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி அரசு மறுத்தது. அதே நாளுக்கு விசிகவும் இடதுசாரிகளும் அறிவித்த மனிதச் சங்கிலிக்கும் அனுமதி கிடைக்கவில்லை. அது அக்டோபர் 11இல்தான் நடந்தது. நவம்பர் 4 அன்று தனி நீதிபதி, சுற்றுச்சுவருக்குள் நடத்திக்கொள்ளலாம் என்று சுருக்கினார். 2023 பிப்ரவரி 10 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏப்ரல் 16இல் அணிவகுப்பு நடந்தது. அரசு கொடுத்த வழக்குப் பட்டியலே அரசுக்கு எதிராகப் போனது. பல வழக்குகளில் அந்த அமைப்பினர் பாதிக்கப்பட்டவர்கள், குற்றம் செய்தவர்கள் அல்ல என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. அனுமதி மறுப்பு உத்தரவோடு வரும் பட்டியலை வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அந்த அமைப்பின் கொள்கையை வாழ்நாளெல்லாம் எதிர்ப்பவர்களும் இந்தத் தீர்ப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு மே தின ஊர்வலத்துக்கோ மீனவர் போராட்டத்துக்கோ அனுமதி மறுக்கப்பட்டால் அது உதவும்.

நிபந்தனைகளை எப்படிப் பார்ப்பது? அந்த வழக்கில் முதலில் விதிக்கப்பட்டவை: கம்பு, லத்தி, ஆயுதம் கூடாது, சாலையின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது, இடப்பக்கமாகச் செல்ல வேண்டும், யாரையும் எந்தச் சாதி மதத்தையும் இழிவாகப் பாடவோ பேசவோ கூடாது. நேரம், பாதை, ஆள்கணக்கு, ஒலிபெருக்கி பற்றியவற்றை ஏற்றுக்கொள்ளலாம். கடைசி வகை மட்டும் உறுத்தும். 'யாரையும்' என்று போட்டால் அமைச்சரை விமர்சிப்பதும் அதற்குள் வந்துவிடும். அதை எதிர்த்தரப்புக்குப் போடும்போது கைதட்டினால், நம் கூட்டத்துக்குப் போடும்போது வாதிட வாய் இருக்காது.

நடைமுறைக்கு: சென்னையில் நகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாம் நாளில் போகாதீர்கள். மறுப்பு முந்தைய இரவில் வந்தால் ரிட் போட நேரமில்லை. இரண்டு வாரம் முன்பே, மூன்று மாற்று இடங்களையும் எழுதி, ஒப்புகையோடு கொடுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 'பொது ஒழுங்கு', 'சட்டம் ஒழுங்கு' இரண்டும் ஒன்றல்ல என்பதை 1965இல் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா வட்டத்துக்குள் வட்டமாகப் பிரித்துக் காட்டினார். போக்குவரத்து நெரிசல் பொது ஒழுங்குப் பிரச்சினை அல்ல.

விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் சட்டம் (1982இன் 14ஆம் சட்டம்) போட்டுவிட்டால் ஜாமீன் உதவாது, ஆள்கொணர்வு மனுதான். 2014 திருத்தத்துக்குப் பிறகு இணையக் குற்றவாளி என்ற வகையும் அதில் இருக்கிறது. காரணங்களை ஐந்து நாளில் தர வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே முறையீடு அனுப்புங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். அதைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொள்ளும் விளக்கமில்லாத தாமதமே பல உத்தரவுகளை வீழ்த்துகிறது. ஆவணக் கட்டில் படிக்க முடியாத பக்கம், மொழிபெயர்க்காத பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் புரட்டுங்கள். 'ஜாமீனில் வெளிவர வாய்ப்பு உண்டு' என்று எழுதியிருந்தால், எந்த ஒத்த வழக்கில் யாருக்கு ஜாமீன் கிடைத்தது என்ற விவரம் இருக்கிறதா பாருங்கள். 2011இன் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு அதைக் கேட்கிறது. ஆள்கொணர்வு மனுவை உறவினர், நண்பர் யாரும் போடலாம் என்பதால் மனுதாரராக அந்தக் கட்சிக்காரரையே போட வேண்டியதில்லை.

சொந்த முகாம் கோபப்படும். அது நீதிமன்றத்தைவிடக் கடினம். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அமைப்புக்குள் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிடுங்கள்: எந்த உத்தரவை எதிர்க்கிறோம், எந்தப் பிரிவு, இதே பிரிவு நம்மில் யார் மீது பாய்ந்திருக்கிறது. அவர்கள் கட்சியிடமிருந்து கட்டணம் வாங்காதீர்கள், மேடை ஏறாதீர்கள், ஜாமீன் கிடைத்த அன்று சிறை வாசலில் மாலையோடு படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்சிக்காரர் உங்களுக்கு நன்றி சொல்லிப் பதிவு போடுவார், அடுத்த வாரமே உங்களைத் திட்டியும் போடுவார். இரண்டுக்கும் பதில் தேவையில்லை. அவர் பேச்சால் காயப்பட்ட தரப்பில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. சமாதானம் ஆவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜாமீனோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள், வழக்கு மட்டும் கிடக்கும். 196, 299, 353 எதுவானாலும் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 217ஆம் பிரிவின்படி அரசின் முன் அனுமதி வேண்டும். குற்றப்பத்திரிகையில் அந்த உத்தரவு இணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு அதே சட்டத்தின் 514ஆம் பிரிவின் மூன்று ஆண்டுக் காலவரம்பும் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் 528 மனுவை எப்போது போடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பேச்சு முழுவதும் எஃப்.ஐ.ஆரிலேயே மேற்கோளாக இருந்தால் உடனே போடலாம். துண்டாக இருந்தால் குற்றப்பத்திரிகை வரட்டும்.

கைப்பேசியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பறிமுதல் மகஜரில் (பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் ஆவணம்) கைப்பேசியின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, பறிமுதலின்போது ஹேஷ் எடுத்தார்களா என்று பார்த்துவிட்டு, ஜாமீன் கிடைத்த வாரத்திலேயே திருப்பித் தரக் கேட்டு மனுப் போடுங்கள் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497, 503). உள்ளடக்கத்தை நகலெடுத்துக்கொண்டு கருவியைக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகு கேட்டால், அறிக்கை வரவில்லை என்ற பதிலே மாதக்கணக்கில் வரும்.